தன்மை மாடி

எங்கள் தெருவுக்குத் தன்மை என்று ஒன்று இருப்பது, அதைக் காப்பாற்ற ஆள் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதுவரை தெருவில் இருப்பவை என்று நாங்கள் நினைத்திருந்தது ஒரு சலூன், ஒரு மளிகைக்கடை, மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும் சாக்கடை, அப்புறம் நாங்கள். தாத்தாக்கள் காலத்தில் பிழைப்புத் தேடி வேறெங்கிருந்தோ வந்து இந்த ஊரில் ஒண்டிக்கொண்ட கூட்டம் எங்களுடையது. ஊர்க்காரர்கள் இதை 'அவங்க தெரு' என்பார்கள். நாங்கள் 'நம்ம தெரு' என்போம். இரண்டு தரப்பும் ஒரே தெருவைத்தான் சொன்னதால் சண்டை வந்ததில்லை.

எங்கள் கட்டடத்தையும் பக்கத்தில் இருந்தவற்றையும் ஒரு கம்பெனி வாங்கியது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும் உயரத்துக்கு வாடகைக் குடியிருப்பு கட்டப்போவதாகப் பலகை வைத்தார்கள். இடிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் இடிக்கும்போது தெருவின் தன்மைக்குச் சேதம் வரக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அதைக் கவனித்துக்கொள்ள ஒரு வாரியமும் இருந்தது. பகுதித் தன்மைக் காப்பு வாரியம் என்று பெயர். புதுக் கட்டடத்தில் ஒரு மாடி முழுவதையும் தன்மைக்கு ஒதுக்க வேண்டும் என்று வாரியம் கறாராகச் சொல்லிவிட்டது. பழைய குடித்தனக்காரர்களில் தேவையும் தன்மையும் உள்ளவர்களுக்குப் பழைய வாடகைக்கே அந்த மாடியில் வீடு கிடைக்கும். தேவை எவ்வளவு, தன்மை எவ்வளவு என்று வாரியம் வீடு வீடாக வந்து பார்க்கும்.

என் வீட்டில் எட்டிப் பார்த்த உடனேயே திரும்பிவிட்டார்கள். நான் கல்யாணமாகாதவன், அச்சகத்தில் வேலை. தனி ஆளிடம் தன்மை ஒட்டாதாம். அதனால் இது என் கதை இல்லை. எனக்கு மேல்மாடியில் இருந்த லிஃப்ட்காரரின் கதை.

லிஃப்ட்காரர் ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டுகிறவர், பழுது பார்க்கிறவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். ஒரே அறை, ஓரமாக அடுப்பு. அவர், மனைவி, மனைவியின் தங்கை. அந்தத் தங்கைக்கு நாற்பது தாண்டியாயிற்று, ஆனாலும் தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் 'தங்கச்சி'தான். தங்கச்சிக்குக் கண் பார்வை வருஷா வருஷம் மங்கிக்கொண்டே வந்தது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் தெருவில் அவள் நடப்பதைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். படி இறங்கி, சாக்கடையைத் தாண்டி, சலூன் வாசலில் ஒரு வார்த்தை பேசிவிட்டு, மளிகைக்கடைக்குப் போய்ப் பையோடு திரும்புவாள். யார் கையையும் பிடித்ததில்லை. சின்ன வயதில் ஓடியாடிய தெரு என்பதால் அது அவளுக்குக் காலாலேயே தெரியும். உலகத்தில் அவள் தனியாக நடக்கக்கூடிய தெரு அது ஒன்றுதான்.

அதனால் லிஃப்ட்காரருக்கு அந்த மாடியில் ஒரு வீடு கிடைத்தே ஆகவேண்டும். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாரியத்திலிருந்து வந்தவரை நாங்கள் தன்மை அதிகாரி என்று கூப்பிட்டோம். சாதுவான மனிதர். எங்கள் பேச்சைப் பயிற்சி வகுப்பில் படித்து வந்திருந்தார். எழுத்தாகப் பேசுவார், தப்பில்லாமல் பேசுவார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார் என்பதைப் பார்த்தே லிஃப்ட்காரரின் மனைவி மனம் இளகிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீடு தேடி வந்தவர் முன்னால் வீட்டின் குறையைச் சொல்ல மாட்டோம். கூரை தலையில் விழுந்துகொண்டிருந்தாலும் 'உக்காருங்க, டீ சாப்பிடுங்க' என்றுதான் சொல்வோம். வந்தவர் மனம் கஷ்டப்படக்கூடாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, தாய்ப்பாலோடு வந்தது.

அதிகாரி படியேறும் சத்தம் கேட்டதுமே லிஃப்ட்காரரின் மனைவி, கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று அதிகாரி கேட்டார். தண்ணிக்கு என்னங்க குறைச்சல் என்றார் அவர். விடியுமுன் கீழே வரிசையில் நின்று குடத்தில் சுமந்த தண்ணீர். மூன்று பேருக்கு ஒரு அறை போதுமா என்று கேட்டார். இன்னும் நாலு பேர் வந்தாலும் உட்கார இடமிருக்கே என்று பதில் வந்தது. படி ஏறுவது சிரமமா என்றதற்கு, உடம்புக்கு நல்லது என்றார் லிஃப்ட்காரர். அவருக்கு முழங்கால் வலி.

கடைசியில் அதிகாரி, வீட்டில் யாருக்காவது உடல் குறைபாடு உண்டா என்று கேட்டார். முன்பின் தெரியாத ஆளிடம், அந்தப் பெண்ணை எதிரிலேயே வைத்துக்கொண்டு, இவளுக்குக் கண் தெரியாது என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் நல்லா இருக்கோம் என்று மனைவி சொல்லும்போதே தங்கச்சி டீ டம்ளரைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டு சிந்தாமல் அதிகாரியின் கைக்கு நேரே நீட்டினாள். அந்த அறைக்குள் அவளுக்குக் கண் தேவையே இல்லை. அதிகாரி 'பார்வை: நன்று' என்று எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது மனைவி வழக்கம்போல, "எப்ப வேணா வாங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க" என்றார்.

அதிகாரி நின்றார். அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லி வாங்கிக்கொண்டார். பயிற்சி வகுப்பில் இது இல்லை என்று மெய்மறந்து சொன்னார். படி இறங்கும்போது அதைத் தனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதை நானே கேட்டேன்.

வாரியத்தின் முடிவு வந்தது. லிஃப்ட்காரர் குடும்பத்துக்குத் தன்மை முழுமையாக இருக்கிறது, தேவை அறவே இல்லை. தண்ணீர், இடம், உடல்நலம் எதிலும் குறையில்லாத குடும்பத்துக்குச் சலுகை வீடு கொடுத்தால் உண்மையான ஏழைகளுக்கு அநியாயம் செய்ததாகும் என்று வாரியம் வருத்தத்தோடு தெரிவித்திருந்தது. லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விஷயம் சலூனுக்கு வந்தது. எங்கள் தெருவில் எந்த விஷயமும் சலூனுக்குத்தான் வரும். சலூன்காரர் கத்தரியை வைத்துவிட்டு, பாதி வெட்டின தலையை அப்படியே விட்டுவிட்டு வந்து பேசினார்.

"வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டீங்க. அழற பிள்ளைக்குத்தான் எதுவும் கிடைக்கும்னு தெரியாதா? மறு பரிசீலனைக்கு எழுதிப் போடுங்க. அவன் திரும்ப வரட்டும். வந்தா ஒண்ணு விடாம மூக்கால அழுங்க."

எழுதிப் போட்டார்கள். சலூனிலேயே ஒத்திகையும் நடந்தது. சலூன்காரர் அதிகாரியாக நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார், லிஃப்ட்காரர் குறை சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் அவருக்கு வாயே வரவில்லை. மூன்றாவது நாள் முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் முனகினார். சலூனில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் மனைவிக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. இருபது வருஷம் மெழுகித் துடைத்த வீட்டை நாமே நாறடிப்பதா என்று தங்கையிடம் சொல்லி அழுதாராம்.

தங்கச்சிக்குக் கொடுத்த வேலை சுலபமானது. அதிகாரி வந்ததும் கதவிலோ கட்டிலிலோ ஒரு தரம் இடித்துக்கொள்ள வேண்டும். அவளால் முடியவில்லை. இடித்துக்கொள்ளலாம் என்று வேண்டுமென்றே வேகமாகப் போவாள், கதவுக்கு ஒரு விரற்கடை முன்னால் கை தானாக நீண்டு நிலையைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை தரம் செய்தாலும் அதேதான். "எங்க வீட்டுல நான் எதுல போய் மாமா இடிச்சுக்கறது?" என்று லிஃப்ட்காரரிடம் கேட்டாள்.

அதிகாரி இரண்டாம் தடவை வந்தார். வாளி அறை நடுவில் வீற்றிருந்தது. தண்ணீர் இல்லை, காற்று இல்லை, சுவரில் பூஞ்சை, படியில் கைப்பிடி இல்லை, மழை வந்தால் கட்டிலை நகர்த்தி நகர்த்தித் தூக்கமே இல்லை என்று ஒன்று விடாமல் சொன்னார்கள். இவளுக்குக் கண் தெரியாதுங்க என்று சொல்லும்போது மனைவிக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. தங்கச்சி மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவர்கள் டீ கூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் நல்ல நிலைமை என்று எழுதிவிடுவார் என்பது சலூன்காரரின் கணிப்பு. அதிகாரி வெறும் வயிற்றோடு போனார். போனபிறகு அந்த அம்மாள் வெகுநேரம் அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பலன் சீக்கிரமே கிடைத்தது. கட்டடம் மனிதர்கள் வசிக்கத் தகுதியற்றது என்று அந்தக் குடும்பமே வாக்குமூலம் கொடுத்திருப்பதால், இடிக்கும் தேதியை வாரியம் முன்னுக்குத் தள்ளியது. எல்லோரும் அந்த மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். லிஃப்ட்காரரின் தேவை ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் இப்போது தன்மையில் சந்தேகம் எழுந்திருக்கிறது, விசாரணைக்கு வரவும் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

விசாரணைக்கு நானும் துணைக்குப் போனேன். வாரியத்தின் கூடத்தில் நடுநாயகமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் தெருவைப் பொம்மையாகச் செய்து வைத்திருந்தார்கள். வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. சலூன் பலகையில் பெயின்ட் உரிந்தது வரைக்கும் இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு மனிதர்களும் இருந்தார்கள். லிஃப்ட்காரர் குனிந்து தேடித் தேடி, மளிகைக்கடை பக்கத்தில் பையோடு தனியாக நடக்கும் ஒரு பெண் பொம்மையைக் கண்டுபிடித்தார். அதைக் காட்டி என்னிடம் ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

வாரியத் தலைவர் அன்பே உருவானவர். லிஃப்ட்காரரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அதன் பிறகுதான் பேசினார்.

"ஐயா, உங்க பகுதியோட தன்மை என்னன்னு ஆராய நாங்க ஒரு குழு போட்டோம். அந்தக் குழு என்ன சொல்லுது தெரியுமா? எத்தனை கஷ்டம் வந்தாலும் முகம் சுளிக்காம, வந்தவங்களைச் சிரிச்சு வரவேற்கறதுதான் உங்க தன்மை. முதல் தடவை எங்க அதிகாரி வந்தப்போ உங்க வீட்டுல அது பொங்கி வழிஞ்சுது. ரெண்டாவது தடவை ஒரு டீ கூட இல்லை. நான் இதைத் தப்பா சொல்லலை, மனுஷங்கதானே. ஆனா தன்மையை இழந்தவங்களை வெச்சு தன்மையைக் காப்பாத்துன்னு எங்களைக் கேட்டா, நாங்க எங்க போவோம்?"

முதல் தடவை சொன்னதால் தேவை இல்லை என்றார்கள், இரண்டாம் தடவை சொன்னதால் தன்மை இல்லை என்கிறார்கள், எப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று லிஃப்ட்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். தலைவர் மனம் நெகிழ்ந்து, இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள் என்றார். குறை இருக்க வேண்டும், ஆனால் குடும்பம் அதைச் சொல்லக்கூடாது, வாரியமாகக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் முறை என்று விளக்கினார். வாளி கட்டிலுக்கடியில் இருந்தபோது உங்கள் அதிகாரி ஏன் குனிந்து பார்க்கவில்லை என்று நான் குறுக்கே புகுந்து கேட்டேன். அடுத்தவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பது உங்கள் பண்பாட்டுக்கு அவமரியாதை என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பதாக அதிகாரி எழுந்து சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டியை உடைத்திருப்பேன். உடைக்கவில்லை. எங்கள் தன்மை அப்படி.

அந்தத் தெருவை விட்டால் என் கொழுந்தியாளால் வெளியே இறங்க முடியாது என்பதை லிஃப்ட்காரர் மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னார். அதைக் கேட்டு, அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர் வாயைத் திறந்தார். தங்கள் கம்பெனிக்கும் இந்த மக்கள் மேல் அளவு கடந்த மரியாதை உண்டு என்றார். "ஆனா ஒண்ணு யோசிங்க. ஆளுங்க குடியிருந்தா தன்மை தேயும். புதுசா ஃபிரிட்ஜ் வாங்குவாங்க, திரைச்சீலையை மாத்துவாங்க, பிள்ளைங்க வேற மாதிரி பேச ஆரம்பிக்கும். பத்து வருஷத்துல என்ன மிஞ்சும்? ஆள் இல்லாம வெச்சாதான் அது அப்படியே இருக்கும்."

தலைவர், இத்தனை வருஷப் பணியில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றார். தன்மை மாடியில் குடித்தனக்காரர்கள் யாரையும் வைப்பதில்லை என்றும், முதல் வருகையின்போது தன்மை முழுமையாக இருந்த வீடு என்பதால் லிஃப்ட்காரரின் வீட்டை மட்டும் அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே வைப்பதென்றும் முடிவாயிற்று. எங்கள் எல்லோருக்கும் கிடைத்த கௌரவம் இது என்று தலைவர் லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரும் குலுக்கினார், வேறென்ன செய்வார்?

காலி செய்யும்போது சாமான்களை ஏற்ற இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று லிஃப்ட்காரர் பிடித்தது, ஒன்று வாரியத்துடையது. கதவு, ஜன்னல், கட்டில், அடுப்பு மேலிருந்த கரிப் புகைச் சுவர், ஆணியோடு காலண்டர், வாளி எல்லாம் வாரியத்து வண்டியில் பத்திரமாக ஏறின. கண்ணாடிச் சாமான் மாதிரி பஞ்சு சுற்றி ஏற்றினார்கள். குடத்தைக் கேட்டபோது மனைவி, போகிற இடத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டாமா என்று தயங்கினார். அது தன்மையைச் சேர்ந்தது என்றார்கள், கொடுத்துவிட்டார்.

அவர்கள் போன இடம் ஊருக்கு வெளியே. பெரிய சாலை, கண் தெரிந்தவர்களே கடக்க யோசிப்பார்கள். நான் ஒருதரம் போய்ப் பார்த்தேன். தங்கச்சி பாயில் உட்கார்ந்திருந்தாள். கடைக்குப் போவதில்லையா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். "எந்தப் பக்கம்னே தெரியலண்ணே" என்று சிரித்தாள். அங்கே அவளுக்கு உடம்பெல்லாம் சிராய்ப்பு. அறைக்குள்ளேயே இடித்துக்கொள்கிறாளாம். சலூனில் சொல்லிக்கொடுத்தது இப்போதுதான் வந்திருக்கிறது. டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்தப் புதுக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டும் வேலை லிஃப்ட்காரருக்கே வந்தது. மாசக்கணக்கில் அந்தக் குழிக்குள் தொங்கிக்கொண்டு, எங்கள் வீடுகள் இருந்த உயரத்தைத் தாண்டித் தாண்டி மேலே போனார். தன்மை மாடி நாலாவது. கதவு பூட்டியே இருந்ததால் உள்ளே பார்க்க முடியவில்லை என்றார்.

திறப்பு விழாவுக்கு எங்களை அழைத்தார்கள். நம் வீட்டை அப்படியே வைத்திருக்கிறார்களாம் என்று லிஃப்ட்காரர் தங்கச்சியிடம் சொல்லியிருந்தார். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து காலால் எதையோ தேடிக்கொண்டே நடந்தாள். சாக்கடையை மூடி வழவழவென்று கல் பதித்திருந்தார்கள். சலூன் இருந்த இடத்தில் முடிவெட்டும் கடைதான் இருந்தது, உள்ளே போக முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இதுதான் தெருவா என்று அவள் அக்காவைக் கேட்டதை நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வாசலில் எங்கள் சட்டையில் 'விருந்தினர்' என்று அட்டை குத்தினார்கள். லிஃப்டில் எங்களோடு அந்தக் கட்டடத்தின் புது வாடகைக்காரர்கள் சிலர் ஏறினார்கள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு நின்றார்கள். லிஃப்ட் சத்தமே இல்லாமல் போனது. நல்லா மாட்டியிருக்கீங்க என்று நான் லிஃப்ட்காரரிடம் சொன்னேன், அவர் தலையசைத்தார்.

நாலாவது மாடியில் தன்மை அதிகாரி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் லிஃப்ட்காரரின் வீடு. அதே கதவு, அதே காலண்டர், நாங்கள் காலி செய்த மாதத்திலேயே நின்றிருந்தது. வாளிக்கு மேலே கூரையில் மறைவாகக் குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக நீர் விழச் செய்திருந்தார்கள். இருபது வருஷத்தில் அந்த மூன்றாவது மாடிக்கு ஏறாத தண்ணீர், ஒழுகுவதற்காக நாலாவது மாடிக்கு ஏறியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ உறுத்தியது. பிறகுதான் எனக்குப் புரிந்தது. பார்க்க வருகிறவர்கள் லிஃப்டிலிருந்து நேரே உள்ளே வர வசதியாக, வீட்டை இடவலமாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். அடுப்பு இருந்த பக்கம் கட்டில், கட்டில் இருந்த பக்கம் அடுப்பு.

நான் சொல்வதற்குள் தங்கச்சி அக்காவின் கையை உதறிவிட்டாள். கதவின் மரத்தைத் தடவினாள். தெரிந்த மரம். முகமெல்லாம் சிரிப்பாக, யாரும் பிடிக்காமல், விறுவிறுவென்று உள்ளே போனாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாமா, குடம் இருக்கும் பக்கம் திரும்பி நாலெட்டு வைத்தாள். நெற்றி சுவரில் மோதிய சத்தம் வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது.

அக்கா ஓடினார். அதிகாரியும் பதறித்தான் போனார், அவரைச் சும்மா சொல்லக்கூடாது. நாற்காலி கொண்டுவரச் சொன்னார். பிறகு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கச்சியிடம் கைகூப்பி, எங்கள் ஆட்கள் யாரும் அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க முடியாத விதத்தில் சொன்னார்:

"கூச்சப்படாதீங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க."

தலைவரும் வந்து, ஏற்பாட்டில் ஏதாவது குறை இருக்கிறதா, தயங்காமல் சொல்லுங்கள் என்றார். லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். விருந்துக்குப் போன இடத்திலும் குறை சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

"ஒரு குறையும் இல்லீங்க" என்றார் அந்த அம்மாள்.

தலைவர் மகிழ்ந்துபோய், தன்மை மீண்டுவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தங்கச்சி இரண்டு கையாலும் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, வீட்டுக்காரர்கள் காதில் விழக்கூடாது என்று, அக்காவின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நாம யாரு வீட்டுக்கு வந்திருக்கோம்?"

"தெரிஞ்சவங்க வீடுதான்" என்று சொல்லி, அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட்காரர் போய்க் கீழே இறங்கும் பொத்தானை அழுத்தினார்.